லேக் வியூ மனை, கிழக்குப் பார்த்தது

அழகர்கோவில் ரோட்டில் இப்போது கண்மாய்களைவிட ‘லேக் வியூ’ போர்டுகள்தான் அதிகம். கோ.புதூர் தாண்டி, மூன்றுமாவடி தாண்டி, கடச்சனேந்தலுக்கு வந்தால் ஆரம்பித்துவிடும். போர்டில் நீலமாக ஓர் ஏரி, அதில் வெள்ளையாக ஒரு படகு, கரையில் ஸ்வெட்டர் போட்ட ஒரு குடும்பம். மதுரையில் ஸ்வெட்டர் போடுகிற ஒரே ஆள், மார்கழியில் பால் வாங்கப் போகிற தாத்தா. அவரும் கண்மாய்ப் பக்கம் போவதில்லை.

என் அக்கா மகன் இந்தப் போர்டுகளை நம்பினான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் குடியிருப்பது அமெரிக்காவில், ரோச்செஸ்டரில். அங்கிருந்து கொஞ்சதூரம் காரில் போனால் ஃபிங்கர் லேக்ஸ் என்று 11 ஏரிகள் நீளநீளமாகக் கிடக்கின்றன. அந்த ஊரில் ஏரி என்று போர்டு வைத்தால் போர்டுக்குப் பின்னால் ஏரி இருக்குமாம். அதில் செனிகா என்ற ஏரியின் ஆழம் 600 அடிக்கு மேல். கோடையில் வாங்கிய சூட்டை அந்தத் தண்ணீர் பனிக்காலம் பூராவும் பைய விடுவதால், கரைச் சரிவில் இருக்கிற திராட்சைக் கொடி குளிரில் கருகாமல் தப்பித்துக்கொள்கிறது. ஆக, ஏரி இருக்கிற இடத்தில் திராட்சை. திராட்சை இருக்கிற இடத்தில் ஒயினரி. ஒயினரி இருக்கிற இடத்தில் வீட்டு விலை.

சனிக்கிழமை ஆனால் மாப்பிள்ளையும் அவன் மனைவியும் காலையில் விலைக்கு வந்திருக்கிற ஏரிக்கரை வீடுகளைப் பார்ப்பார்கள், மதியத்துக்கு மேல் ஒயினரிகளைப் பார்ப்பார்கள். வீடு வாங்கியதில்லை. ஒயினையும் குடிப்பதில்லையாம், வாயில் வைத்துச் சுழற்றிவிட்டுப் பக்கத்தில் வைத்திருக்கிற வாளியில் துப்பிவிட வேண்டும், அதுதான் முறையாம். “காசு குடுத்துத் துப்புறதா?” என்று கேட்டாள் என் மனைவி. அவளுக்கு அது இன்றுவரை ஆறவில்லை.

கொடி வளர்க்கிற விவசாயியே ஒயின் செய்து தோட்டத்து வாசலில் வைத்து விற்கலாம் என்று நியூயார்க் மாநிலம் சட்டம் போட்டது 1976-ல். அந்த வருஷம் தமிழ்நாட்டில் மதுவிலக்கு அமலில் இருந்தது. 1981-ல் திறந்தார்கள், 1983-ல் டாஸ்மாக் பிறந்தது, 2003 கடைசியிலிருந்து சில்லறைக் கடைகளும் அதன் கைக்கே வந்துவிட்டன. அந்தக் கடையை ஊரே ஒயின்ஷாப் என்கிறது. அங்கே போய் நிஜமாகவே ஒயின் கேட்டுப் பாருங்கள், வரிசையில் நிற்கிறவர்கள் ‘வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா’ என்பதுபோலத் திரும்பிப் பார்ப்பார்கள்.

சித்திரைத் திருவிழாவைச் சாக்காக வைத்து லீவு போட்டு வந்தவன், பெட்டியை இறக்கும்போதே ஆரம்பித்தான். “மாமா, அழகர்கோவில் பக்கம் லேக்கை ஒட்டி ஒரு வீடோ மனையோ பாத்துருவோம். அப்படியே பக்கத்துல ஒயினரி ஏதாவது இருந்தா…”

“இருக்கு மாப்ள. கம்பத்துல. நூத்திச் சொச்சம் கிலோமீட்டர்.”

அமெரிக்கக் கணக்கில் அது பக்கமாம். அவன் அத்தையான என் மனைவியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டோம்.

உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, சின்னமனூர் எல்லாம் தாண்டி உத்தமபாளையத்துக்குப் போனால் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பந்தல்கள். கல்தூண் நட்டு, மேலே கம்பி இழுத்து, அதில் கொடியைப் படரவிட்டிருப்பார்கள். குலைகள் தலைக்கு மேலே தொங்கும். கொஞ்சம் உயரமான ஆள் உள்ளே நுழைந்தால் நெற்றியில் இடிக்கும். எல்லாம் பன்னீர் திராட்சை. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தது என்பார்கள். வெளிநாட்டில் அதற்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஒரு தோட்டத்தில் கவாத்து வெட்டும்போது இன்னொரு தோட்டத்தில் குலை பழுத்துக்கொண்டிருக்கும் என்பதால் பள்ளத்தாக்கில் வருஷம் பூராவும் பழம் உண்டு. மாப்பிள்ளைக்கு இது ஆச்சரியம். அவன் ஊரில் வருஷத்துக்கு ஒரே அறுவடை, அதற்குத் தனியாகத் திருவிழா. “இங்க எப்ப சார் சீசன்?” என்று தோட்டக்காரரிடம் கேட்டான்.

“பணம் தேவைப்படுறப்ப” என்றார் அவர்.

கம்பம் பள்ளத்தாக்கில் ஒயினும் செய்கிறார்கள்தான். ஆனால் சுற்றிக் காட்டி, கோப்பையில் ஊற்றிக் கொடுத்து, வாளியும் வைத்து உபசரிக்கிற ஏற்பாடெல்லாம் நாசிக் பக்கம். அங்கே சுலா ஒயினரிக்குப் பக்கத்திலேயே கங்காப்பூர் அணையின் நீர்த்தேக்கமும் இருக்கிறது. ஏரியும் ஒயினும் ஒருசேர வேண்டுமென்றால் அங்கேதான் டிக்கெட் போட வேண்டும். எங்களுக்கு வாய்த்தது ஒரு பந்தலும், பந்தலுக்குக் கீழே ஒரு கயிற்றுக் கட்டிலும், எவர்சில்வர் டம்ளரில் திராட்சை ஜூஸும்.

மாப்பிள்ளை டம்ளரை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். எவர்சில்வரில் என்ன தெரியும்? அவன் முகம்தான் தெரிந்தது. அதைச் சாய்த்துப் பார்த்தான். சுழற்றினான். கண்ணை மூடிக்கொண்டு மூக்கை உள்ளே விட்டான். தோட்டக்காரர் முகம் வாடிவிட்டது.

“சார், காலையிலதான் பிழிஞ்சது. கெட்டுப்போகல சார்.”

அவன் வாய் நிறைய வாங்கி, இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாக உருட்டினான். பிறகு கண் தானாக வாளியைத் தேடியது. அவன் அத்தை ஒரு பார்வை பார்த்தாள். விழுங்கிவிட்டான்.

“ரோஜாப்பூ வாசனை வருது மாமா” என்றான் தொண்டையைச் செருமிக்கொண்டு.

“பன்னீர் திராட்சையில பின்ன மல்லிகப்பூவா வரும்?” என்றார் தோட்டக்காரர். நாங்கள் வந்த கதையைக் கேட்டதும் அவர் இன்னும் தெம்பாகிவிட்டார். “மதுரையில ஏரிக்கரை வீடா? உங்க கண்மாய்க்கு வர்ற தண்ணியே நாங்க குடிச்சது போக மிச்சந்தான் சார்!”

வாஸ்தவம். முல்லைப்பெரியாறு அணை 1895-ல் வந்த நாளாய் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பிவிட்ட தண்ணீர் முதலில் கம்பம் பள்ளத்தாக்கைத்தான் பார்க்கிறது. பிறகு வைகை அணை. பிறகு பேரணை. அங்கே பெரியாறு பிரதானக் கால்வாயில் ஏறி, அழகர்கோவில் ரோட்டில் இருக்கிற கள்ளந்திரிக்கு வருகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் 85,000 ஏக்கருக்கு மேல் ஒருபோகம். கள்ளந்திரிக்கு முன்னால் நிலம் வைத்திருக்கிறவர் வீட்டில் பெண் எடுக்கவும், பின்னால் வைத்திருக்கிறவர் வீட்டில் யோசிக்கவும் ஒரு காலத்தில் இதுவே போதுமான காரணம். “அப்ப திராட்சையும் நம்ம லேக்கும் ஒரே தண்ணியா!” என்று மாப்பிள்ளை குதித்தான். அவன் திட்டத்துக்கு விஞ்ஞான ஆதாரம் கிடைத்துவிட்டது.

அந்தத் தெம்போடு அழகர்கோவில் ரோட்டுக்குத் திரும்பி லேக் பார்க்கப் போனோம். கண்மாயின் பெயர் வேண்டாம். முகப்பில் ஓர் ஆர்ச், கலர் கலராகக் கொடிகள், மஞ்சள் பெயிண்ட் அடித்த எல்லைக் கற்கள், சாமியானா, நீர்மோர். சட்டைப் பைக்குள் போன் மினுமினுக்க புரோக்கர் பைக்கில் வந்து இறங்கினார். கிழக்குப் பார்த்த மனை, 30 அடி ரோடு, நல்ல காற்று, பக்கத்திலேயே பழமுதிர்சோலை முருகன், அழகர் என்று மூச்சுவிடாமல் அடுக்கினார். சாமிகளையெல்லாம் விலையில் சேர்த்துவிட்டார் போலிருக்கிறது.

“லேக் எங்க சார்?” என்றான் மாப்பிள்ளை.

புரோக்கர் கையை வீசி ஒரு அரைவட்டம் காட்டினார். அந்த அரைவட்டத்துக்குள் சீமைக்கருவேல், ஆடுகள், ஒன்றின் எல்லைக்குள் இன்னொன்றாக நடந்துகொண்டிருந்த கிரிக்கெட் மேட்சுகள். ஒரு பையன் அடித்த பந்து எங்கள் வருங்கால வரவேற்பறைக்குள் வந்து விழுந்தது.

“இப்ப சித்திரை சார். ஐப்பசி கார்த்திகையில வாங்க, அலையடிக்கும்.”

“எதுவரைக்கும் தண்ணி வரும்?”

புரோக்கர் பேச்சில் விழுந்த முதல் இடைவெளி அது. “சைட்டுக்கு வராது சார். வியூ மட்டும்தான் வரும்.”

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மடை திறக்கிற குடும்பமாம். “இங்கிட்டு வா தம்பி” என்று மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக்கொண்டு கரையோரமாக நடந்து கலுங்குக்குப் போனார். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் அந்தக் கல்கட்டின்மேல் ஏறித்தான் அடுத்த கண்மாய்க்கு வழியும். அதன் தலைமட்டம்தான் கண்மாயின் முழுக்கொள்ளளவு. பெரியவர் மாப்பிள்ளையைக் குத்தவைத்து உட்கார்த்தி, தாடையைக் கலுங்குக் கல்மேல் வைக்கச் சொன்னார்.

“நேரா பாரு. கீழ பாக்காத. என்ன தெரியுது?”

“ஆர்ச்சுத் தூணுல பெருசா ஒரு போன் நம்பர் எழுதியிருக்கு தாத்தா.”

“அதான் தண்ணி மட்டம். அது நனையிறப்ப அந்த நம்பருக்குக் கூப்பிட்டுப் பாரு, எவனும் எடுக்க மாட்டான்.”

மாப்பிள்ளை நம்பாமல் போனில் மட்டம் பார்க்கிற ஆப்பை எடுத்துக் கல்மேல் வைத்துப் பார்த்தான். அதுவும் பெரியவர் கட்சி.

புரோக்கர் அசரவில்லை. பட்டா இருக்கிறது, வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்று, டிடிசிபி அங்கீகாரம் ‘வாங்கிரலாம்’ என்றார். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று 2016-ல் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்த பிறகு இந்த ‘வாங்கிரலாம்’ நம்மூர் மனை வியாபாரத்தின் உயிர்மூச்சு. கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென்றே 2007-ல் தனிச் சட்டம் வந்ததே என்றேன். “அண்ணே, ஐகோர்ட்டு கிளையே 2004-ல உலகனேரிக் கண்மாயிலதானே எந்திரிச்சுச்சு” என்றார் அவர். ஆக்கிரமிப்பு வழக்குகளை விசாரிக்கிற இடமும் அதுதான் என்பதால் நான் மேற்கொண்டு வாதாடவில்லை.

“பட்டாவைத் தண்ணி படிச்சா பாக்கும்?” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

இதற்கெல்லாம் தீர்ப்புச் சொன்னது என் மனைவி. “தம்பி, பக்கத்துலதான் பதினெட்டாம்படி. கருப்பு வாசல்ல வந்து, தண்ணி வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. அட்வான்ஸ் இப்பவே தர்றோம்.”

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம். அழகர்கோவில் ராஜகோபுர வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பசாமி இருக்கிறார். அவருக்கு உருவம் இல்லை. சாத்திய கதவுக்கே சந்தனம் பூசிக் கும்பிடுவார்கள். அழகர் மதுரைக்குப் புறப்படும்போது போட்டுக்கொண்டு போகிற நகைகளின் பட்டியலை அவர் முன்னால் வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்புவதாக வழக்கம். பெருமாளிடமே கணக்குக் கேட்கிறவர். கடன் தகராறு, வரப்புத் தகராறு எல்லாம் அந்தப் படியில் சத்தியம் செய்து தீர்ந்திருக்கின்றன. மனை வியாபாரத்தைக் கண்காணிக்கிற ரெரா ஆணையம் வருவதற்கு ரொம்ப காலம் முன்பே இந்தப் பக்கத்துக்கு அமைந்த ரெரா அவர்தான், மேல்முறையீடும் கிடையாது.

புரோக்கர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “அக்கா, அங்கிட்டெல்லாம் எதுக்குக்கா… ஒரு பார்ட்டி வேற வெயிட் பண்றாங்க.” பைக்கில் ஏறிய பிறகு திரும்பி, “மேட்டுல ஒரு சைட்டு இருக்கு. வியூ கிடையாது. பாக்குறீங்களா?” என்றார்.

தண்ணீர் விஷயத்தில் அழகரைப் போல விவரமானவர் இந்தத் தாலுகாவில் இல்லை என்பது என் கட்சி. குடியிருப்பது மலையடிவாரத்தில், கோட்டைக்குள். தண்ணீர் பார்க்க 20 கிலோமீட்டர் வருகிறார், வருஷத்துக்கு ஒரு தரம். அவர் வருவதற்குள் வைகை அணையிலிருந்து திறந்துவிட அதிகாரிகள் உத்தரவு போட்டாக வேண்டும். ஆற்றில் இறங்கிப் பார்த்துவிட்டு வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார். வழி நெடுக அத்தனை மண்டகப்படி இருந்தும் ஆற்றங்கரையில் ஒரு செண்ட் வாங்கவில்லை.

அங்கிருந்து கோவிலுக்குப் போனோம். வந்தது வந்தோம் என்று அழகர்கோவில் தோசை வாங்கினோம். அரிசியும் உளுந்தும் அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு போட்டு, நெய்யில் கனமாகச் சுட்ட பிரசாதம். மாப்பிள்ளை ஒரு விள்ளல் வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றான். “மொதல்ல மிளகு. நடுவுல சீரகம். கடைசியில நெய்யும் சுக்கும் சேர்ந்து நிக்குது” என்றான். ஒயினரிகளில் கற்ற வித்தை வீண்போகவில்லை. வாளியும் கேட்கவில்லை.

அவன் ஊருக்குப் போய்விட்டான். கார்த்திகையில் நல்ல மழை. ஒரு காலையில் புரோக்கர் எனக்கு வாட்ஸ்ஆப்பில் வீடியோ அனுப்பினார். கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். போர்டில் போட்டிருந்த அதே நீலம். ஆர்ச் நடுத்தண்ணீரில் நின்றது. போன் நம்பரின் பாதி இலக்கங்கள் முங்கியிருந்தன. எல்லைக் கற்களில் ஒன்றின் மஞ்சள் தலை மட்டும் வெளியே தெரிய, ஒரு பையன் அதன்மேல் உட்கார்ந்து தூண்டில் போட்டிருந்தான். ‘சார் இப்ப பாருங்க, ஃபுல் லேக் வியூ. சதுர அடிக்கு ஐம்பது ரூபா ஏறிருச்சு, சீக்கிரம் சொல்லுங்க’ என்று குரல் பதிவும் கூடவே வந்தது.

ரோச்செஸ்டருக்கு அனுப்பினேன். மாப்பிள்ளை உடனே பதில் போட்டான்: ‘மாமா, நிஜமாவே அழகா இருக்கு. போட் விடலாமான்னு கேளுங்க.’

என் மனைவி போனை வாங்கி வீடியோவை ஒரு தரம் ஓடவிட்டு, அந்தப் பையன் வரும் இடத்தில் நிறுத்தி, உற்றுப் பார்த்தாள்.

“போட்டெல்லாம் கெடக்கட்டும். அந்தப் பக்கம் அயிரை கிடைக்குமான்னு கேளுங்க.”