நகல்: பேராயர் அவர்களுக்கு

எங்கள் சேகரத்தில் தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்யத் தெரிந்தவன் நான்தான் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து கோபம் வந்தவர்கள் எல்லாரும் என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். ஜெபம் வேண்டுமென்றால் சபைப் போதகரான ஐயரிடம், மனு வேண்டுமென்றால் என்னிடம். திருநெல்வேலிப் பக்கத்துச் சபை மனுவுக்கென்று ஒரு இலக்கணம் உண்டு. "கிறிஸ்துவுக்குள் பிரியமான" என்று தொடங்க வேண்டும். இரண்டாம் வரியில் "மிகுந்த ஜெபத்தோடும் பாரத்தோடும் எழுதுவது" என்று வந்தால், மூன்றாம் வரியில் அரிவாள் இருக்கிறது என்று அர்த்தம். அடியில் நகல் பட்டியல்: பேராயர், உபதலைவர், லே செயலர், குருத்துவச் செயலர், பொருளாளர். சில மனுக்களில் பட்டியல்தான் விஷயத்தைவிட நீளம்.

போன அசனப் பண்டிகைக்கு மறுநாள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். அசனத்துக்கு அவர் ஒரு கிடா கொடுத்திருந்தார். ஆலயத்தில் வாசித்த நன்றிப் பட்டியலில் அவருடைய தம்பியின் பெயர் முன்னால் வந்துவிட்டது. தம்பி கொடுத்தது ஒரு மூட்டை அரிசி.

"நீயே சொல்லு, கிடாவுக்கு முன்னால அரிசி எப்படிடே வரும்?"

இலையில் அப்படித்தான் சார் வரும் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"உன்கிட்ட ஆலோசனை கேக்கத்தான் வந்தேன். பேராயருக்கு எழுதுவமா, இல்ல நேரே கேஸ் போட்டுருவமா?"

எங்கள் ஊரில் ஆலோசனை என்பது இதுதான். வெட்டுவதா, குத்துவதா என்பதில் மட்டும் அடுத்தவர் கருத்துக்கு இடமுண்டு. ஐயரிடம் ஏற்கெனவே கேட்டாராம். ஐயர் பொறுமையாக இருக்கச் சொன்னாராம். அதனால் தன் மகன்கள் இரண்டு பேரிடமும் கேட்டாராம். அவர்கள் கேஸ் என்றார்களாம்.

எனக்கு ரெகொபெயாம் ராஜா ஞாபகம் வந்தான். அப்பா சாலொமோன் ஏற்றிய பாரத்தைக் கொஞ்சம் இறக்குங்கள் என்று ஜனங்கள் வந்து கேட்டபோது அவன் மூன்று நாள் தவணை சொன்னான். அதுவரை அவன்மேல் குற்றம் சொல்ல முடியாது. முதியவர்களிடம் கேட்டான், அதுவும் சரி. தணிவாகப் பேசச் சொன்னார்கள். பதில் ருசிக்கவில்லை என்று கூட வளர்ந்த பையன்களிடம் போய்த் திரும்பவும் கேட்டான் பாருங்கள், அங்கேதான் பத்துக் கோத்திரம் கைவிட்டுப் போனது. ஆலோசனை கேட்காதவன் கெட்டான் என்பார்கள். பிடித்த பதில் கிடைக்கும்வரை கேட்பவன் பாடு அதைவிட மோசம்.

இதைச் சாரிடம் சொல்ல முடியுமா? ஓய்வுநாள் பள்ளியில் எனக்கு ரெகொபெயாமைச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

"ஆண்டவரே சாட்டை எடுத்தாரேடே!" என்றார். இதையும் எதிர்பார்த்தேன். சபையில் கோபப்படுகிற எவரும் ஆலயத்தில் மேசைகளைக் கவிழ்த்த பகுதியைத் தொடாமல் விடுவதில்லை. கன்னத்தைக் காட்டச் சொன்ன பகுதி அன்றைக்கு மட்டும் யாருக்கும் நினைவில் இருக்காது.

"சார், மாற்கு 11-ஐப் பாருங்க. முந்தின நாளே ஆலயத்துக்குப் போயி எல்லாத்தையும் சுத்திப் பாத்துட்டாரு. சாயங்காலமானதும் பெத்தானியாவுக்குப் போயிட்டாரு. மேசை கவுந்தது மறுநாள்தான். நடுவுல ஒரு ராத்திரி இருக்கு."

"அது மாற்கு. நான் யோவானைச் சொல்லுதேன்."

"யோவான்லயும் சாட்டையைக் கடையில வாங்கலியே சார். கயித்துல பண்ணினாரு. அதுக்கும் நேரமாகும்லா?"

சார் கடிகாரத்தைப் பார்த்தார். சூரியன் அஸ்தமிக்கும் முன்னே கோபம் தணிய வேண்டும் என்று பவுல் எபேசியருக்கு எழுதியதை, தபால் கட்டு கிளம்புவதற்குள் மனு போய்ச் சேர வேண்டும் என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் என் மனைவி அடுக்களையிலிருந்து கேட்டாள்: "சார், சாப்பிட்டீங்களா?"

சாப்பிடவில்லை. அசனத்திலும் சாப்பிடவில்லை. பட்டியலை வாசித்ததுமே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாராம்.

தாவீதுக்கு நாபாலின் மேல் வந்த கோபமும் இந்த வகைதான் என்பது என் எண்ணம். பந்திக் கோபம். நாபாலுக்கு ஆடு மூவாயிரம், வெள்ளாடு ஆயிரம். மயிர் கத்தரிக்கிற விருந்து நாளில் தாவீது ஆளனுப்பி ஏதாவது கொடு என்று கேட்டால், தாவீது யார் என்றான். உடனே நானூறு பேர் பட்டயம் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். நாபாலின் மனைவி அபிகாயில் செய்ததைக் கவனியுங்கள். இருநூறு அப்பம், சமைத்த ஆடு ஐந்து, திராட்சரசம், வறுத்த பயறு, திராட்சை வற்றல், அத்திப்பழ அடை எல்லாவற்றையும் கழுதைகளில் ஏற்றி முன்னால் அனுப்பினாள். தான் பின்னால் போனாள். சாப்பாடு முதலில், புத்திமதி அதற்கப்புறம். நம் பிரசங்கிமார் பலர் இந்த வரிசையை மாற்றிச் செய்து பார்த்து வருகிறார்கள்.

என் மனைவி வேதவசனம் எதுவும் சொல்லவில்லை. அசனத்திலிருந்து தூக்குச்சட்டியில் கொண்டுவந்த கறிக்குழம்பைச் சுடவைத்து ஆப்பத்தோடு வைத்தாள். மறுநாள் கறிக்கு இருக்கிற ருசியே தனி. சார் ஒரு ஆப்பம் முடித்தார். "நல்ல இளங்கிடா" என்றார். இரண்டாவது ஆப்பத்தில் "நம்ம கிடால்லா?" என்றார். மூன்றாவதில் தம்பிக்கு முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்று என்னிடம் விசாரித்தார்.

கை கழுவிவிட்டு வந்து, "சரிடே, அதை அடிச்சு மட்டும் வையி" என்றார்.

"அடிச்சு வைக்கேன் சார். பிரிண்டர்ல மை இல்ல."

அது பொய்யில்லை. என் பிரிண்டரில் மை இருப்பதே இல்லை. வாங்கிப் போடுவதில்லை. என் கம்ப்யூட்டரில் பேராயர் பார்க்காத மனுக்கள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. எழுதச் சொன்னவர்களில் பலர் இன்று ஒரே பாடகர் குழுவில் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிறார்கள்.

சில நாள் கழித்து அந்தத் தம்பி வந்தார். ஆலோசனை கேட்கத்தான்.

"அண்ணன் ஊரெல்லாம் தன் கிடா தன் கிடான்னு சொல்லிக்கிட்டுத் திரியுதாரு. அது யாரு தொழுவத்துல வளந்த கிடான்னு அவர்ட்ட கேளுங்க! ம், எழுதுங்க. கிறிஸ்துவுக்குள் பிரியமான..."

நான் அடுக்களைப் பக்கம் பார்த்தேன். கறி என்றைக்கோ தீர்ந்துவிட்டது என்று மனைவி கையை விரித்தாள். பிரிண்டரைப் பார்த்தேன். லீவுக்கு வந்திருந்த மச்சினன், அக்கா வீட்டுக்கு ஏதாவது உபகாரம் செய்ய வேண்டுமே என்று, ஊருக்குத் திரும்புகிற அன்று காலையில்தான் அதில் விளிம்பு வரை மை நிரப்பிவிட்டுப் போயிருந்தான்.