ஆரைக்கீரைக்கு ஒரு சிலிண்டர்

சிலிண்டரை ஆட்டோவிலிருந்து இறக்கும்போதே வாட்ச்மேன் ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார். லிஃப்ட் வரைக்கும் ஒன்றும் கேட்கவில்லை. கதவு மூடப்போகிற நேரத்தில் குரலைத் தணித்து, "வீட்ல யாருக்கு சார் முடியல?" என்றார்.

"யாருக்கும் ஒண்ணுமில்லண்ணே. செடிக்கு."

"செடிக்கு ஆக்சிஜனா?"

"ஆக்சிஜன் இல்ல. கார்பன் டை ஆக்சைடு."

கதவு மூடிக்கொண்டது. அவர் முகத்தை அதற்கு மேல் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

செடி வைத்த மீன் தொட்டி எனக்கு இது முதல் தடவை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் இரண்டாவது. முதல் தொட்டி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்.

மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது மரபு. எங்கள் ஊர் கடைமடை. திறந்த தண்ணீர் ஊர் ஊராக நின்று விசாரித்துவிட்டு எங்கள் வாய்க்காலுக்கு வரும்போது அரை டிராயர்களெல்லாம் கரையில் காத்திருக்கும். முதல் தண்ணீர் நுரையும் சருகுமாக வரும். அது தெளிந்து ஒரு மாதம் போனால் துண்டை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து அரிக்கலாம். 1980-களின் தொடக்கத்தில், அப்படி அரித்ததில் வந்த இரண்டு அயிரையும் ஒரு கெண்டைக் குஞ்சும்தான் என் முதல் முதலீடு. பாட்டிலின் அடியில் ஒரு கை வாய்க்கால் வண்டல். அதில் செருகிய இரண்டு கொத்து வேலம்பாசி. கூப்பிடாமலே வந்து ஒட்டிக்கொண்ட ஒரு நத்தை. செலவு, ஒரு துண்டு அழுக்கானது.

திண்ணையில் காலை வெயில் சாய்ந்து விழுகிற இடத்தில் வைத்தேன். அன்றைக்குக் கலங்கல். மறுநாள் சாயங்காலம் பார்த்தால் தண்ணீர் பளிங்கு. வெயில் ஏறினால் பாசி நுனியில் கடுகளவுக்குக் குமிழி கட்டும். கட்டிக்கட்டி ஒன்றன்பின் ஒன்றாக நூல் பிடித்த மாதிரி மேலே போகும். அயிரை திடீரென்று செங்குத்தாக ஏறி, ஒரு வாய் காற்றைக் குடித்துவிட்டு, அதே வேகத்தில் மண்ணுக்குள் புதையும். கண் மட்டும் வெளியே தெரியும். அதற்குக் குடல் வழியாகவும் மூச்சு விடத் தெரியும் என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். அப்போது அது என்னைப் பார்த்துப் பயப்படுகிறது என்று பெருமையாக நினைத்திருந்தேன்.

இந்த ஏற்பாடு ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது. எதுவும் சாகவில்லை. அப்பாயிக்கு நார்த்தங்காய் ஊறுகாய் போடப் பாட்டில் தேவைப்பட்டபோது மொத்தத்தையும் வாய்க்காலிலேயே கவிழ்த்துவிட்டு வந்தார். என் மீன் வளர்ப்பு அத்தோடு நாற்பது வருஷம் விடுமுறையில் போனது.

இப்போதைய தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். 56 லிட்டர் பிடிக்கும். சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான். அங்கே ஒரு கடையில் தம்பி ஒருவர் என்னைப் பார்த்ததுமே என் எடையையும் பர்ஸின் எடையையும் கணித்துவிட்டார்.

"சார், மீன் அப்புறம். மொதல்ல மண்."

அப்படித்தான் காவிரி வண்டலில் பிறந்து வளர்ந்த நான் ஜப்பானிலிருந்து வந்த மண்ணை மூட்டையாக வாங்கினேன். சுட்டெடுத்த கறுப்புக் குருணை, கேழ்வரகு சைஸில். இந்தக் கலையை உலகத்துக்குப் பழக்கிவிட்டவர் தகாஷி அமானோ என்ற ஜப்பானியப் புகைப்படக்காரர். 1982-ல் இதற்கென்றே கம்பெனி தொடங்கி, 2015-ல் இறந்தார். அவருடைய ஊர் நீகாட்டா. அது ஜப்பானின் பேர்போன நெல் சீமை என்று தெரிந்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஒரு வயல்காட்டான் இன்னொரு வயல்காட்டானிடம் மண் வாங்குவதில் தப்பில்லை.

மண்ணுக்குப் பிறகு விளக்கு, அதைச் சரியாக எட்டு மணி நேரம் எரியவிட டைமர், ஃபில்டர், சிலிண்டர், ரெகுலேட்டர், குமிழியைத் தூளாக்கும் டிஃபியூசர். அப்புறம் கண்ணாடிக் குமிழ் ஒன்று: தொட்டிக்குள் ஒட்டி வைத்தால் அதிலுள்ள திரவம் நீலமாக இருந்து, வாயு போதிய அளவு கரைந்ததும் பச்சையாகும். லிட்டருக்கு 30 மில்லிகிராம் கணக்கு. மஞ்சளானால் மீனுக்குச் சங்கு. மனைவியிடம் சொன்ன தொகை ஒன்று. ஜிபே காட்டிய தொகை வேறொன்று.

தண்ணீர் அடுத்த வில்லங்கம். எங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை முக்கினேன். 1100. அந்தத் தண்ணீரில்தான் நான் குளிக்கிறேன், தலைமுடி விஷயத்தில் அதன் பலனும் தெரிகிறது. செடிக்கு ஆகாது என்றார் தம்பி. மூன்று கேன் குடிதண்ணீர் வாங்கி ஊற்றினேன்.

செடிகள் டப்பாவில் வந்தன, ஆய்வுக்கூடத்துக் கூழில் வளர்த்தவை. ஒவ்வொன்றின் மூடியிலும் லத்தீன் பெயர். ஒரு டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். நாலு இலை, நடுவில் சேர்ந்து, மெல்லிய காம்பில் குடை பிடித்தது போல.

"தம்பி, இது ஆரைக்கீரைல்ல?"

"மார்சிலியா சார். கார்பெட் பிளான்ட். தரையில அப்படியே பாய் விரிச்ச மாதிரி பரவும். முன்னூத்தம்பது."

வயலில் ஆரை பரவும் என்பது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. களையெடுக்கிற பெண்கள் அதைத் தனியாக மடியில் கட்டிக்கொண்டு போவார்கள்; அப்பாயி பருப்புப் போட்டுக் கடைவார். டப்பாவில் இருந்தது அதன் வெளிநாட்டுப் பங்காளியாக இருக்கலாம். ஆனால் ஜாடை அப்பட்டம். வாங்கினேன். பக்கத்தில் ரோட்டலா என்று இன்னொன்று. வெளிச்சமும் வாயுவும் கொடுத்தால் செக்கச்செவேல் ஆகுமாம். அதையும் எங்கேயோ சேற்றில் பார்த்த ஞாபகம். அதையும் வாங்கினேன். வேலம்பாசி இருக்கிறதா என்று கேட்டதற்குத் தம்பி சிரித்தார். "ஹைட்ரில்லாவா? அதெல்லாம் காசுக்கு விக்கிறதில்ல சார்." அவர் சிரித்தது நியாயம்தான். 1950-களின் தொடக்கத்தில் தொட்டிச் செடி வியாபாரத்தில் இலங்கையிலிருந்து அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போன அதே பாசி, அங்கே ஏரிகளை அடைத்துக்கொண்டு இன்றுவரை அரசாங்கத்துக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருக்கிறது. என் ஹார்லிக்ஸ் பாட்டிலில் எவ்வளவு அடக்கமாக இருந்தது!

நட்டு முடித்தேன். மீன்?

"ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகட்டும் சார்."

புது மண் அம்மோனியா கக்கும். அதை ஒரு பாக்டீரியா நைட்ரைட் ஆக்கும். அதை இன்னொன்று நைட்ரேட் ஆக்கும். இரண்டு கூட்டமும் ஃபில்டரில் குடியேறும் வரை மீனை விட்டால் செத்துப்போகும். ஆகவே ஆறு வாரம், தினமும் சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டு, வண்ண அட்டையோடு ஒட்டிவைத்துப் பார்த்து நோட்டில் எழுதினேன். பார்க்க வந்தவர்கள் குனிந்து, சுற்றி வந்து, "மீன் எங்கே?" என்றார்கள். இதெல்லாம் வாய்க்கால் வண்டலோடு ஓசியில் வந்திருக்கும் என்று யாரிடம் சொல்வது?

இரண்டாவது வாரம் செடிகளின் இலைகள் கண்ணாடி போலாகி உதிர்ந்தன. காற்றில் வளர்த்த இலை தண்ணீருக்குள் நிற்காது, புது இலை விடும் என்றார்கள். விட்டது. ஆனால் ஆரை நாலு இலை விடவில்லை. ஒரு காம்புக்கு ஒரே இலை, கரண்டி மாதிரி. "நீங்கதான் நாலு இலைன்னீங்க," என்றான் பையன். முளைவிட்ட கொஞ்ச மரியாதையும் போயிற்று.

மூன்றாவது வாரம் கண்ணாடியில் பழுப்புச் சளி. நாலாவது வாரம் நத்தை, செடியோடு முட்டையாக வந்தது. இரவில் வெள்ளரித் துண்டைப் போட்டு வைத்துக் காலையில் மொய்த்திருந்ததை அள்ளி எறிந்தேன். அந்த நாட்களில்தான் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் பற்றிப் படிக்க வாய்த்தது. தொட்டிக்குள் மீனும் செடியும் ஒன்றையொன்று பிழைக்கவைக்கும் என்று 1850-ல் சொன்னவர் அவர். தங்கமீன், வாலிஸ்னேரியாச் செடி இரண்டையும் வைத்துப் பார்த்தார். இலை அழுகிச் சளி கட்டியது. நத்தையை விட்டார். சரியாகிவிட்டது. நான் வெள்ளரிக்காய் போடுவதை நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாவது மாதம் தொட்டி காடாகிவிட்டது. ரோட்டலா நீர்மட்டம் தொட்டு மடங்கி, மேலேயே படுத்துச் சிவந்தது. பத்து நியான் டெட்ராக்கள் உள்ளே எங்கேயோ இருந்தன. அப்போதுதான் அப்பா மூட்டுவலிக்கு டாக்டரைப் பார்க்க ஊரிலிருந்து வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு வெகுநேரம் பார்த்தார். சிலிண்டரைப் பார்த்தார். உர பாட்டிலை எடுத்து, "தழை, மணி, சாம்பல் மூணும் இருக்குதா?" என்றார்.

"இருக்குப்பா. இரும்பும் இருக்கு."

"களைக்கு உரம் போடுற மொத ஆளு நீதாண்டா தம்பி."

மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது அவர் கைலியை மடித்துக் கட்டி, முழங்கை வரை ஈரமாக நின்றிருந்தார். தரையில் தினத்தந்தியை விரித்து, ரோட்டலா அத்தனையும் வேரோடு, நாற்று முடி போடுகிற மாதிரி கைப்பிடி கைப்பிடியாக அடுக்கியிருந்தது. தொட்டிக்குள் மூன்று மாதத்தில் முதல் தடவையாக அடிவரை வெளிச்சம் இறங்கியிருந்தது. தரை முழுக்கப் பச்சைக் கரண்டிகள். அவற்றின் மேல் பத்து நியான்கள் கூட்டமாகத் திரும்பின.

நான் நெஞ்சு படபடக்க, "இதை மட்டும் ஏன்ப்பா விட்டு வச்சீங்க?" என்று கீழே காட்டினேன்.

"ஆரைக்கீரையை யாராச்சும் புடுங்கி எறிவாங்களா?"

பையன் ஓடிவந்தான். "தாத்தா, அதுக்கு ஒரு இலைதானே இருக்கு?"

"இலையைப் பார்த்தா கண்டுபுடிக்கிறது? கொடி ஓடுறதைப் பாருடா," என்று சொல்லிவிட்டு அப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "கடையிறதுக்கு இது பத்தாது," என்றார்.