600 எம்.எம். காசுமாலை

தென் ஃப்ளோரிடாவில், எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவுக்குள், அன்ஹிங்கா டிரெயில் என்று ஒரு நடைபாதை இருக்கிறது. போய்த் திரும்ப ஒன்றேகால் கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். கொஞ்ச தூரம் தார், கொஞ்ச தூரம் தண்ணீருக்கு மேல் மரப்பலகை. தள்ளுவண்டிக் குழந்தையும் சக்கர நாற்காலிப் பாட்டியும் சிரமமில்லாமல் போய்வரலாம். டிசம்பர் வாக்கில் அங்கே மழை ஓய்ந்து சதுப்பு வற்றத் தொடங்கும். மிச்சமிருக்கும் ஆழத்தில் மீன் ஒடுங்கும். மீனுக்காகப் பறவை வரும். இரண்டுக்காகவும் முதலை வரும். மூன்றுக்காகவும் லென்ஸ்காரர் வருவார். அவரை அடையாளம் காணக் கையேடு எதுவும் வேண்டாம். பிடரியை மறைக்கும் தொப்பி, காய்ந்த சருகும் பச்சை இலையும் அச்சடித்த சட்டை, தோளில் முக்காலி, முக்காலியின் உச்சியில் அதே சருகுத் துணியில் சட்டை மாட்டிய 600 எம்.எம். லென்ஸ். காட்டுக்குள் மறைந்திருப்பவருக்கான சீருடை அது. பக்கத்திலேயே ஆரஞ்சு பனியன் போட்ட ஒரு பையன் சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்கிக்கொண்டு நிற்பான். கைப்பிடிக் கட்டையில் உட்கார்ந்திருக்கும் பறவை இரண்டு சட்டையையும் சட்டை செய்யாது.

அந்தப் பறவையிலிருந்தே தொடங்குவோம். நடைபாதைக்குப் பெயர் கொடுத்த அன்ஹிங்கா, நம் பாம்புத்தாராவுக்கு அமெரிக்கப் பங்காளி. அதே நீண்ட கழுத்து, அதே ஈட்டி அலகு. இறகில் தண்ணீர் ஊறிவிடும் என்பதால், மூழ்கி எழுந்ததும் சிறகை விரித்துக் கொடியில் போட்ட வேட்டிபோல் காயவைக்கும். தலைமுறை தலைமுறையாக மனிதர்களைப் பார்த்துச் சலித்துப்போனதாலோ என்னவோ, அது நம்மை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை; நாலடி தள்ளி உட்கார்ந்து ஈரம் உலர்த்தும். இங்கேதான் லென்ஸ்காரருக்குச் சோதனை. இந்தப் பெரிய லென்ஸுகள், கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறினாலும், 4 அல்லது 4.5 மீட்டருக்குள் வந்துவிட்ட எதையும் தெளிவாகப் பார்க்கமாட்டா. வெள்ளெழுத்து வந்த தாத்தா பஞ்சாங்கத்தை எட்டப் பிடிப்பதுபோல் அவர் பறவையைத் தள்ளிவைத்துப் பார்க்க வேண்டும். பறவை தள்ளிப்போகாது, ஆகவே அவர் தள்ளிப்போகிறார். மூன்று கிலோ லென்ஸையும் முக்காலியையும் அணைத்தபடி பின்னோக்கி நடந்து, சக்கர நாற்காலிப் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்டு, இன்னும் பின்னால் போகிறார். நாலரை மீட்டரில் நின்றாலும் சட்டத்துக்குள் அடங்குவது ஒரு சாண் பறவைதான். வால்வரை வேண்டுமென்றால் பலகை முடிந்து தார்ப்பாதைவரை போக வேண்டியிருக்கும். இரை நெருங்க நெருங்கப் பின்வாங்கும் வேட்டைக்காரரை வேறெங்கே பார்க்க முடியும்?

வேலைக்கு ஆகாத இடத்திலும் ஒரு பொருள் உடம்பைவிட்டு இறங்கவில்லை என்றால் அது கருவி இல்லை, நகை. என் கட்சி இவ்வளவுதான்: அன்ஹிங்கா டிரெயிலில் அந்த லென்ஸ் திரும்பியிருப்பது பறவையை நோக்கி இல்லை, பக்கத்து முக்காலியை நோக்கி. பத்தாயிரம் டாலருக்கு மேல் விலையுள்ள அந்தக் குழல், கல்யாண வீட்டில் காசுமாலை செய்யும் வேலையை அங்கே செய்கிறது. சான்று வேண்டுமென்றால் இரண்டு லென்ஸ்காரர்கள் சந்திக்கும்போது கவனிக்கலாம். முதல் பார்வை முகத்துக்குப் போகாது. குழலின் முன்வட்டத்துக்குப் போகும். அதன் அகலத்தைக் கண்ணாலேயே அளந்த பிறகுதான் “காலையில் ஏதாவது கிடைத்ததா?” என்ற குசலம். 400 எம்.எம். வைத்திருப்பவர், யாரும் கேட்காமலே, கொஞ்சம் ஒதுங்கி இடம் விடுவார். செல்போனில் படம் எடுக்கும் குடும்பத்தை இவர்கள் பார்ப்பதே இல்லை; கவரிங் போட்டுவந்த உறவுக்காரரிடம் காட்டும் அதே நாகரிகம்.

பறவைக்குத் தொந்தரவு கொடுக்காமல் எட்ட நின்று எடுக்கத்தானே நீள லென்ஸ் என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. வேடந்தாங்கலில் கரையில் நின்று ஏரி நடுவிலுள்ள மரத்துக் கூட்டைப் படம் பிடிக்கிறவருக்கு அது நூற்றுக்கு நூறு பொருந்தும். அங்கே சின்ன லென்ஸோடு போனால் வெள்ளைப் புள்ளிகள் ஒட்டிய ஒரு மரம்தான் கிடைக்கும். எவர்கிளேட்ஸிலும் விலங்கிடமிருந்து 15 அடி விலகியே நில்லுங்கள் என்பது பூங்காவின் அறிவுரை. 15 அடியும் நாலரை மீட்டரும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் சட்டமும் லென்ஸும் கைகோத்திருப்பதாகத் தோன்றும். ஆனால் அந்த விதி பறவைக்குச் சொல்லப்படவில்லை. தானாக நடந்து வந்து பக்கத்தில் உட்காரும் பறவையிடம் ஒதுங்கிக் கொடுக்கக் கால் போதும், 600 எம்.எம். வேண்டியதில்லை.

அடுத்த தடை, அழகு சம்பந்தப்பட்டது. பின்புலத்தை வெண்ணெய் மாதிரிக் குழைத்து, பறவையை மட்டும் கூர்மையாக நிறுத்த நீள லென்ஸால்தான் முடியும் என்பார்கள். முடியும்தான். ஆனால் வெண்ணெயாகக் குழைந்துபோனது எது? எவர்கிளேட்ஸ். மைலுக்கு இரண்டு அங்குலம்கூடச் சரியாகச் சரியாத தட்டை நிலத்தில், ரம்பப்புல்லுக்கிடையே, நகர்வது தெரியாமல் நகர்கிறது தண்ணீர். அப்படியொரு நிலத்தைப் பார்க்க விமானமேறி, மயாமியில் இறங்கி, வாடகைக் கார் பிடித்து, விடியுமுன் எழுந்து வந்தவர், பார்த்ததும் செய்யும் முதல் காரியம் அதைக் கலங்கலாக்குவது. மிஞ்சும் பறவையை எந்த மிருகக்காட்சிசாலையிலும் எடுத்திருக்கலாம். இதே தென் ஃப்ளோரிடாவில் கிளைட் புட்சர் என்ற புகைப்படக்காரர், பெட்டிபோன்ற பெரிய ஃபிலிம் கேமராவோடு பிக் சைப்ரஸ் சதுப்பில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்கள் உலகறிந்தவை. அவற்றில் அடிப்புல் முதல் அடிவானத்து மேகம்வரை எல்லாம் துலங்கும். அவரை இந்த வகையில் சேர்க்க முடியாது. தண்ணீருக்குள் இறங்கிவிட்டவரின் கேமராவை யார் வந்து அளந்து பார்ப்பது?

துப்பாக்கிக்கு இது மேல் இல்லையா என்பது மூன்றாவது தடை. மேல்தான், சந்தேகமில்லை. நூறு நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இதே சதுப்பில் கொக்குகளைக் கூட்டோடு சுட்டு வீழ்த்தினார்கள். சீமாட்டிகளின் தொப்பியில் செருக வெண்கொக்கின் இனப்பெருக்ககால இறகு வேண்டியிருந்தது. எடைக்கு எடை தங்கத்தைவிட அதற்கு விலை கூடுதல். அதைத் தடுக்கக் காவலராக நியமிக்கப்பட்ட கை பிராட்லி 1905 ஜூலையில் ஃபிளமிங்கோ ஊருக்கருகே சுட்டுக் கொல்லப்பட்டார். பூங்கா திறக்கப்பட்டது 1947 டிசம்பரில். இன்று கொக்குக்குக் குண்டு பயமில்லை; நொடிக்கு 20 படம் பிடிக்கும் சத்தமில்லாத ஷட்டர்தான். ஆனால் இந்த வரலாறு என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது. அன்றும் அந்த இறகு கொக்குக்காக வாங்கப்படவில்லை, மற்ற தொப்பிகள் பார்ப்பதற்காக வாங்கப்பட்டது. நகை தலையிலிருந்து தோளுக்கு இறங்கியிருக்கிறது. கொக்குக்கு இதனால் லாபம் என்பதை மட்டும் ஒப்புக்கொண்டு மேலே போகலாம்.

நகை என்பதற்கு அசைக்க முடியாத ஆதாரம் பூக்களிடம் இருக்கிறது. லென்ஸ்காரர் முக்காலி ஊன்றிய பலகைக்குக் கீழே ஸ்பாட்டர்டாக் என்னும் மஞ்சள் அல்லி, உருண்டைக் கிண்ணம்போல் அரைகுறையாகத் திறந்து நிற்கும். சற்றுத் தள்ளி ‘முதலைக் கொடி’ என்று அங்குள்ளவர்கள் சொல்லும் செடி, வாழையிலை மாதிரி இலையும் தொங்கும் ஊதாப் பூவுமாக. ஆழமான தண்ணீரில் அது வளர்வதால், அது நிற்கும் இடத்தில் முதலை கிடக்கும் என்று கணக்கு. ஊதாத் தாழைக்கோழி அதன் தண்டில் தொற்றி ஏறிப் பூவைக் கொத்தும்போது மட்டும் பூவுக்குப் படத்தில் இடம் கிடைக்கும், பலகாரம் என்ற தகுதியில். இதைவிட வேடிக்கை பிளாடர்வொர்ட். தண்ணீருக்கு மேல் விரல்நகமளவு மஞ்சள் பூ. கீழே வேரே இல்லாமல் மிதக்கும் செடி. அதில் கடுகுபோல் சின்னச் சின்னப் பைகள். ஒரு நுண்ணுயிர் பை வாசலிலுள்ள மயிரைத் தொட்டால் போதும், ஒரு மில்லிநொடிக்குள் கதவு திறந்து தண்ணீரோடு உள்ளே உறிஞ்சப்பட்டுவிடும். நொடிக்கு 20 படம் என்றால் இரண்டு படத்துக்கு நடுவே 50 மில்லிநொடி. அதற்குள் இங்கே விருந்தாளி உள்ளே போய்க் கதவும் சாத்தியாகிவிடும். அன்ஹிங்கா எப்போது மீனைத் தூக்கிப்போட்டு விழுங்கும் என்று மணிக்கணக்காகக் காத்திருக்கும் மனிதர், அந்தச் சதுப்பின் மகா வேகமான வேட்டைக்காரனுக்கு நேர் மேலே, அதன் பூவுக்கு முதுகைக் காட்டியபடி நிற்கிறார். தண்ணீருக்கடியில் நடப்பதை மேலே நின்று எப்படி எடுப்பது என்பது நியாயமான கேள்வி. ஆனால் பூ மேலேதானே இருக்கிறது? அதற்குக் குனிய வேண்டும், முழங்கால் போட வேண்டும், கையகலச் சின்ன லென்ஸ் வேண்டும். பலகையில் மண்டியிட்டவரைச் சுற்றி யாரும் கூட மாட்டார்கள். மூடி ஏதாவது விழுந்துவிட்டதா என்று விசாரித்துவிட்டுப் போவார்கள்.

பூவை இவர்கள் அடியோடு வெறுக்கிறார்கள் என்றும் சொல்ல முடியாது. நேப்பிள்ஸ் ஊருக்கருகிலுள்ள கார்க்ஸ்க்ரூ சதுப்பில் 2007-இல், பழம்பெரும் சைப்ரஸ் மரமொன்றில் பேய் ஆர்க்கிட் பூத்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. இலையே இல்லாத செடி, காற்றில் தொங்கும் வெள்ளைத் தவளைபோல் பூ, தரையிலிருந்து சுமார் 15 மீட்டர் உயரம். கோடையில் அது பூத்துவிட்டால் நடைபாதையில் முக்காலி வரிசை கட்டும். எட்டாத உயரம், எளிதில் கிடைக்காத அருமை, 600 எம்.எம். இல்லாமல் தெரியாத தூரம் என்று ஒரு பூ பறவைக்குரிய லட்சணங்கள் அத்தனையையும் பெற்றுவிட்டால் லென்ஸ்காரரின் மனம் இளகத்தான் செய்கிறது. புகைப்படக்காரர்களால்தான் அந்தப் பூவின் ரகசியமே வெளிவந்தது என்று இங்கே ஒருவர் குறுக்கிடலாம், உண்மைதான். எந்த அந்துப்பூச்சி அதற்கு மகரந்தம் சேர்க்கிறது என்ற நெடுங்காலக் கேள்விக்கு 2019-இல் வெளியான படங்கள் விடை காட்டின. ராட்சத ஸ்பிங்க்ஸ் பூச்சி ஒன்றுதான் என்ற பழைய எண்ணம் தவறிப்போனது. ஆனால் அவை பூவுக்குப் பக்கத்தில் பொருத்திவிட்டு வந்த தானியங்கிக் கேமராக்கள் எடுத்தவை. பின்னால் ஆள் இல்லை, அருகே பார்ப்பாரும் இல்லை.

காலைக் கச்சேரி முடிந்து லென்ஸ்காரர் வாகன நிறுத்தத்துக்குத் திரும்பும்போது அவருடைய காரின்மேல் நாலைந்து கறுப்புப் பிணந்தின்னிக் கழுகுகள் உட்கார்ந்திருக்கும். கார் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரும் வைப்பரும் என்றால் அவற்றுக்கு உயிர்; பிய்த்துப்போட்டுவிடும். பூங்கா நிர்வாகமே வண்டியை மூடத் தார்ப்பாயும் கட்டக் கயிறும் இரவல் தருகிறது. சருகுச் சட்டைக்காரர் அதை வாங்கியிருக்க மாட்டார். பறவைகளை அறிந்தவர் அல்லவா. இப்போது பறவை இரண்டடி தூரத்தில், வாயில் ரப்பரோடு. நல்ல வெளிச்சம், கண்ணில் மின்னல் பொட்டு, செயலோ அபூர்வமான செயல். லென்ஸை அவர் உறைக்குள் வைத்தாயிற்று. இன்ஷூரன்ஸுக்கு அனுப்பச் செல்போனை எடுத்து, ஓரடி முன்னால் போய், முழங்காலை மடக்கிக் குனிந்து ஒரு படம் எடுக்கிறார். காரும் கழுகும் மட்டுமில்லை, பின்னாலிருக்கும் புல்லும், வேலியோரத்துப் பூவும், வானமும் அதில் தெளிவாக விழுகின்றன.