மூன்று முதல் ஒன்பது வரை

கேள்வி: இடுப்பில் ஒன்று, முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒன்று. பாத்ரூமுக்குக்கூடத் தனியாகப் போக முடியாத இளம் தாய்க்குத் 'தனிமை'யாம். அதை அளக்கவும் செய்கிறார்களாம். எந்தத் தராசில் சார்?

பதில்: தராசு அமெரிக்கச் சரக்கு. கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் 1978-ல் 20 வாக்கியங்களோடு வந்தது. 2004-ல் மூன்றே கேள்விகளாகச் சுருக்கினார்கள். (குழந்தை கண்ணயரும் நேரத்துக்குள் முடித்துவிடலாம்!) கூடப் பேச ஆளில்லை என்று எத்தனை முறை தோன்றுகிறது? ஒதுக்கிவிட்டார்கள் என்று? எல்லோரிடமிருந்தும் விலகிக் கிடப்பதாக? 'அரிதாக' என்றால் 1, 'சில சமயம்' 2, 'அடிக்கடி' 3. கூட்டினால் 3-க்குக் குறையாது, 9-ஐத் தாண்டாது.

'தனிமை' என்று வாய்திறந்து கேட்பதில்லை, அங்கேதான் சூட்சுமம். நேராகக் கேட்டால் பிள்ளை பெற்றவள், "எனக்கென்ன குறை?" என்றுவிடுவாள். பிரிட்டனின் புள்ளியியல் அலுவலகம் மட்டும், 'நேரடிக் கேள்வி ஒன்றையும் சேர்த்தே கேளுங்கள்' என்று 2018-ல் பரிந்துரைத்தது.

வீட்டில் எத்தனை தலை என்பதல்ல கணக்கு. காலையிலிருந்து "ஆ காட்டு", "அதை வாயில வைக்காதே", "தம்பியை அடிக்காதே" என்றே பேசித் தொண்டை வறண்டவளும் 9 வாங்கலாம்.

ஒரு குறை உண்டு. கல்லூரி மாணவர்களுக்குத் தைத்து, வயதானவர்களிடம் போனில் கேட்பதற்காகக் கத்தரித்த சட்டை இது. அம்மாக்களுக்குத் தோளில் இடிக்கத்தான் செய்யும். என்னைக் கேட்டால் நாலாவதாக ஒன்று சேர்ப்பேன்: சொல்ல வந்ததை நீங்கள் முழுசாகச் சொல்லி முடித்தது கடைசியாக எப்போது?