பேஸ்பால் தெரியாதவன் மெயில் படிக்கக் கூடாது

போன வாரம் எங்கள் ஆபீஸில் 'சர்வதேச வாசகர்களுக்குத் தெளிவான ஆங்கிலம்' என்று ஒரு பயிற்சி. மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு, ஏசி அறையில். வந்தவர் மூச்சுக்கு முந்நூறு 'சிம்பிள்' போட்டார். 'டூ த நீட்ஃபுல்' எழுதாதீர்கள், 'ரிவர்ட்' எழுதாதீர்கள், 'ப்ரீபோன்' கூடவே கூடாது. "அது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டதே சார்" என்றேன். "க்ளையன்ட் அகராதி பார்க்க மாட்டார்" என்றார். பார்ப்பது என் வேலையாம்.

உலகத்தில் யாருக்கும் புரிகிற மாதிரி மெயில் எழுத என்னிடம் ஒரு சுலபமான வழி இருக்கிறது. சொல்கிறேன். அதற்கு முன்னால் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கொட்டிக்கொள்கிறேன்.

'டூ த நீட்ஃபுல்' நாமா கண்டுபிடித்தோம்? துரைமார் ஆபீஸ் பாஷை அது. நம் தாத்தாக்கள் தலையில் கட்டிவிட்டு 1947-இல் கப்பலேறினார்கள். அடுத்த வருஷமே, 1948-இல், சர் எர்னஸ்ட் கவர்ஸ் 'ப்ளெய்ன் வேர்ட்ஸ்' என்று ஒரு புத்தகம் போட்டு, சுற்றி வளைக்காமல் எழுதுங்கள் என்று அந்த ஊர் அரசு அதிகாரிகளுக்கே பாடம் எடுத்தார். எழுதச் சொன்னது பிரிட்டிஷ் நிதித்துறை. ஊர் போய்ச் சேர்ந்ததும் புத்தி வந்திருக்கிறது, சந்தோஷம். நமக்கும் ஒரு கார்டு போட்டிருக்கலாம்.

பயிற்சி முடிந்து சீட்டுக்கு வந்தால் டெக்சாஸ் க்ளையன்ட் மேனேஜரின் மெயில். நாளைக்கு 'டச் பேஸ்' பண்ணலாம், ஒரு 'பால்பார்க்' தொகை அனுப்பு, கடைசி நேரத்தில் 'கர்வ்பால்' வேண்டாம், உன் டீம் 'ப்ளேட்'டுக்கு வர வேண்டும். எல்லாமே பேஸ்பால் பாஷை. நான் மன்னார்குடிப் பக்கம். பேஸ்பால் மட்டையைத் தமிழ் சினிமா அடியாட்கள் கையில்தான் பார்த்திருக்கிறேன். 'ப்ளேட்' என்றதும் பக்கத்து சீட்டுப் பையன் ட்ரீட் என்று நினைத்து டிபன் பாக்ஸை மூடிவிட்டான்.

சரி, நாமும் விளையாட்டிலேயே பதில் எழுதுவோமே என்று தோன்றியது. கிரிக்கெட்டில் எழுதலாமா? 'பிட்ச் திரும்புகிறது, நைட் வாட்ச்மேனாக ஒரு ட்ரெய்னியை இறக்கியிருக்கிறோம்.' செக்யூரிட்டி ஆள் சம்பளத்தையா என் பில்லில் ஏற்றினாய் என்பார். சடுகுடு தேவலை: 'அன்புள்ள ஐயா, நேற்று ராத்திரி பாடிக்கொண்டு உள்ளே போனோம். சர்வர் காலைக் கவ்விவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நடுக்கோடு வரை இழுத்து வந்தோம். கோட்டுக்கு அரை ஜாண் இருக்கும்போது மூச்சு போய்விட்டது. களத்தில் இப்போது மூன்று பேர்தான். மற்றவர்கள் வெளியே குந்தியிருக்கிறார்கள்.' பழுது கண்டுபிடிக்கப்படவில்லையா? கிட்டிப்புள்: 'புள் கருவேலங்காட்டுக்குள் போய்விட்டது, தேடுகிறோம்.' செலவுக் கணக்கு கேட்டால் பல்லாங்குழி: 'எங்கள் குழி காலி. துடைத்துப் பார்த்தோம், அடுத்த குழியும் காலி. ஆட்டம் உங்கள் பக்கம்.' ரிலீஸ் அன்றைக்கு: 'வாடிவாசல் திறந்தாகிவிட்டது. திமிலை இதுவரை யாரும் பிடிக்கவில்லை.'

எனக்கு என்னவோ இவை எல்லாமே தெளிவாகத்தான் இருக்கின்றன. ஆனால் நான் எழுதினால் அப்ரைசலில் 'கம்யூனிகேஷன் போதாது' என்று வரும். அவர் எழுதினால் அது 'கேஷுவல்'. தெளிவாக எழுத வேண்டிய கடமை எப்போதும் ராத்திரி கண் விழித்து இலக்கணம் படித்தவனுக்கு. தாய்ப்பாலோடு ஆங்கிலம் குடித்தவருக்கு அதிலிருந்து ஆயுசுக்கும் விடுமுறை.

அவர்களுக்கு எளிமையாக எழுத வராது என்று நினைத்துவிடாதீர்கள். 1959-இலேயே வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' என்று ஆரம்பித்து, சுமார் 1,500 வார்த்தைகளை வைத்துக்கொண்டு நிதானமாகச் செய்தி வாசித்தது. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கு என்றே ஒரு ஆங்கிலம் இருக்கிறது. அதில் ஒரு வார்த்தைக்கு ஒரே அர்த்தம். செய்முறை வாக்கியம் 20 வார்த்தையைத் தாண்டக் கூடாது. 'ஃபாலோ' என்றால் பின்னால் வருவது மட்டும்தான். 'விதியை ஃபாலோ பண்ணு' என்று எழுதினால் தப்பு. அலுமினியத்துக்குக் காட்டுகிற இந்த மரியாதையில் கால்வாசி எனக்குக் காட்டினால் போதும்.

அந்த வழியைச் சொல்கிறேன் என்றேன் அல்லவா, வருகிறேன். அந்த டெக்சாஸ் மெயிலின் கடைசி வரியை மட்டும் முடித்துவிடுகிறேன். 05/06 அன்று 'எண்ட் ஆஃப் டே'க்குள் எல்லாம் வந்து சேர வேண்டுமாம். யாருடைய நாள், யாருடைய முடிவு? டல்லாஸில் சாயங்காலம் 5 மணி என்றால், கோடையில் எனக்கு மறுநாள் விடியற்காலை 3.30. குளிர்காலத்தில் 4.30, அதற்குள் பால்காரராவது எழுந்திருப்பார். அதை விடுங்கள், தேதி எது? மே 6-ஆ, ஜூன் 5-ஆ? டீம் லீடிடம் கேட்டேன். "க்ளையன்ட் க்ளியராத்தானே போட்டிருக்கார்?" என்றார், எந்தத் தேதி என்று சொல்லாமல். நான் ஜூன் 5 என்றே வைத்துக்கொண்டேன். ஒரு மாதம் கிடைக்கிறதே.