வெண்டைக்காய் அச்சும் மேப்பிள் இலையும்: பட்டினப்பாக்கத்து இலையுதிர் காலம் குறித்து ஓர் அகழாய்வு

1. ஆய்வுச் சிக்கல்

பட்டினப்பாக்கத்தில் இலையுதிர் காலம் உண்டா என்ற கேள்வியை அறிஞர் உலகம் இதுவரை கண்டுகொள்ளவில்லை. இந்திய வானிலைத் துறை ஆண்டை நான்காகப் பிரிக்கிறது: குளிர்காலம், கோடை, தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை. இலையுதிர் காலம் அதில் இல்லை. தொல்காப்பிய மரபு ஆறாகப் பிரிக்கிறது: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். அதிலும் இல்லை. நுங்கம்பாக்கத்து வானிலை அலுவலகமும் தொல்காப்பியரும் ஒரே முடிவுக்கு வருகிற இடங்கள் குறைவு. இது அவற்றில் ஒன்று.

ஆனால் தொடக்கப் பள்ளிச் சுவரில் அந்தக் காலம் இருக்கிறது. ஐப்பசி மாதம் வெளியே மழை ஊற்ற, உள்ளே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆரஞ்சு நிறச் சார்ட்டில் மேப்பிள் இலை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். வானத்திலும் இல்லாமல் வாத்தியார் இலக்கணத்திலும் இல்லாமல் ஒரு பருவம் சாஃப்ட்போர்டுக்கு எப்படி வந்தது?

2. களமும் முறையும்

கிழக்கே வங்கக்கடல், தெற்கே அடையாறு கழிமுகம், வடக்கே சாந்தோம், மேற்கே மந்தைவெளி. இந்த எல்லைக்குள் சீனிவாசபுரம் மீனவர் குடியிருப்பு, வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள், சில பள்ளிகள், அவற்றை அண்டிப் பிழைக்கும் ஸ்டேஷனரி கடைகள். இதுவே களம்.

முறை எளியது. வகுப்பறையின் சாஃப்ட்போர்டில் ஒட்டியதை யாரும் எடுப்பதில்லை; அதன் மேலேயே அடுத்ததைக் குத்துகிறார்கள். ஆகவே கீழடியில் குழி இறக்குவது போல மேலிருந்து கீழே ஒவ்வொரு தாளாக விலக்கினால் ஜூன் மாதம் வரை போய்விடலாம். காலக் கணிப்புக்கும் வழி இருக்கிறது. கீழடி மாதிரிகளை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. இங்கே கடற்காற்றின் உப்பு குண்டூசியைத் தின்கிறது. பளபளக்கும் ஊசி நவம்பர், பழுப்பேறியது செப்டம்பர், தொட்டால் ஒடிவது சுதந்திர தினம்.

ஆகஸ்டு 15 அடுக்குக்குக் கீழே இந்த ஆய்வு இறங்கவில்லை. செப்டம்பர் 5ஆம் தேதி அடுக்கில் தலைப்பாகையும் கண்ணாடியுமாக ராதாகிருஷ்ணன் கிடைக்கிறார். 1962 முதல் இந்தியப் பள்ளிகள் கொண்டாடும் ஆசிரியர் தினத்தின் எச்சம் அது. அவர் பெயரிலான சாலை மயிலாப்பூரில், நடந்துபோகும் தூரத்தில். இனி மேல் நோக்கி வரலாம்.

3. களிமண் அடுக்கு

ஆவணியில், சில ஆண்டுகளில் புரட்டாசியில், பிள்ளையார் வருகிறார். மற்ற வட்டாரங்களுக்கு இது வருகை, பட்டினப்பாக்கத்துக்கு வழியனுப்பு. சென்னையில் சிலைகளைக் கரைக்க ஒதுக்கப்படும் கடற்கரைகளில் சீனிவாசபுரம் முக்கியமானது. லாரிகள் வரிசை கட்டும், கிரேன் தூக்கும், கடல் வாங்கிக்கொள்ளும். வாங்கிக்கொள்ளாததை மறுநாள் திருப்பிக் கொடுக்கும்.

இதன் வகுப்பறை வடிவம் உள்ளங்கை அளவு களிமண் பிள்ளையார். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல்கள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளைத் தடை செய்து களிமண்ணை முன்வைத்தன. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த விதியை முழுமையாகக் கடைப்பிடிக்கிறார்கள். வேறு எதையும் உருட்ட அவர்களுக்குத் தெரியாது. கண்ணுக்குக் குன்றிமணி வைப்பது வீட்டு மரபு. வகுப்பில் மிளகு வைப்பதே நல்லது, ஏனெனில் குன்றிமணியின் உள்ளே இருக்கும் நச்சு கடுமையானது. எதையும் வாயில் போட்டுப் பார்த்துத்தான் முடிவுக்கு வருவார்கள் ஆறு வயது ஆய்வாளர்கள். தும்பிக்கை உலர்ந்து விழுவது பொதுவான சேதம். அப்படி விழுந்த பின் அவரை அடையாளம் காண வயிறு ஒன்றே சான்று.

4. மணல் அடுக்கு

நவராத்திரி வந்தால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதி நடைபாதை பொம்மைக் கடையாகிவிடும். பள்ளியில் பெஞ்சுகளை அடுக்கி வெள்ளை வேட்டி போர்த்தினால் கொலுப்படி. படி ஒற்றைப்படையில் இருக்க வேண்டும் என்பது விதி. பெஞ்சு எத்தனை கிடைக்கிறது என்பது நடைமுறை. செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் காகிதக் கோப்பைத் தஞ்சாவூர் பொம்மையும் தீப்பெட்டி ரயிலும் இடம்பிடிக்கும்.

விஜயதசமி அன்று புதிதாகச் சேரும் குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியிலோ நெல்லிலோ எழுத வைப்பார்கள். பழைய திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதினார்கள். இந்தச் சிறு வழக்கம் உலகம் சுற்றியது. 1789இல் எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதையே தன் பள்ளியில் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லித்தரும் முறையையும் சேர்த்து 1797இல் லண்டனில் புத்தகமாக்கினார். இங்கிலாந்துப் பள்ளிகளில் அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் பரவியது. ஆக, பட்டினப்பாக்கத்தில் செருப்புக்குள் புகுந்து தொல்லை தரும் அதே பொருள்தான் ஒரு காலத்தில் கல்வி ஏற்றுமதியாகக் கப்பலேறியது.

இறக்குமதியும் நடந்திருக்கிறது. 1939இல் மரியா மாண்டிசோரி பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்தார். அந்த நவம்பரில், அதாவது நம் ஆய்வுக் காலத்துக்குள்ளேயே, இந்தியா முழுவதிலுமிருந்து வந்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி தொடங்கினார். சபையின் தோட்டம் ஆற்றின் தென்கரை, பட்டினப்பாக்கம் வடகரை. சொரசொரப்பான மணல்தாளில் வெட்டிய எழுத்தை விரலால் தடவிப் பழகுவது அவர் முறை. இந்தக் கரையில் மணல் தாளில் ஒட்டாமலேயே கிடைத்தது.

5. அடுக்குக் கலப்பு

அகழாய்வாளரைத் தடுமாற வைப்பது அக்டோபர் 2. வழுக்கைத் தலைக்கு ஒரு வளைவு, கண்ணாடிக்கு இரு வட்டம், கைத்தடிக்கு ஒரு கோடு என்று மிகக் குறைந்த செலவில் வரையக்கூடிய தேசத் தலைவர் காந்திதான். மெரினாவில் நடந்துகொண்டே நிற்கும் காந்தி சிலையைச் செய்தவர் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த தேவிபிரசாத் ராய் சௌத்ரி. சிலை 1959இல் வந்தது. அந்தக் கைத்தடியின் சாய்வைத்தான் பிள்ளைகள் தங்களை அறியாமல் படியெடுக்கிறார்கள் என்பது இக்கட்டுரையின் துணைக் கருதுகோள். 2025இல் விஜயதசமியும் அக்டோபர் 2இல் வந்துவிட்டதால், பிற்கால ஆய்வாளர் ஒருவர் காந்தியைக் கொலு பொம்மையாக வகைப்படுத்தும் அபாயம் உண்டு. தவறில்லை, கொலுவில் அவர் வழக்கமாக இருக்கிறவர்தான்.

தீபாவளி அடுக்கு மெல்லியது. பருத்தி உடை, பக்கத்தில் வாளித் தண்ணீர், காலில் செருப்பு என்று எச்சரிக்கைப் படம் ஒன்று. 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பட்டாசு நேரம் இரண்டு மணியாகச் சுருங்கியதும், மூலையில் ஒரு கடிகாரமும் சேர்ந்துகொண்டது.

6. பஞ்சு அடுக்கு

கடலோரத் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இதன் கொடை. கலைப் பாடத்தில் இதன் வெளிப்பாடு: நீலச் சார்ட்டின் மேல்பகுதியில் பஞ்சு மேகம், கீழே கோடு கோடாக மழை, ஓரத்தில் சிவப்புக் குடை.

இந்த அடுக்கில் மட்டும் இடைவெளிகள் அதிகம். தொடர்ச்சியாகப் பல நாட்களுக்கு ஒரு பொருளும் கிடைப்பதில்லை. நாகரிகம் அழிந்ததாகக் கொள்ளக் கூடாது. விடுமுறை என்று கொள்ள வேண்டும். வானிலை மையத்தின் எஸ்.ஆர். ரமணன் 2016இல் ஓய்வு பெறும்வரை, அவர் தொலைக்காட்சியில் தோன்றினாலே நகரத்துப் பிள்ளைகள் பையைத் தூக்கி எறிந்தார்கள். உண்மையில் விடுமுறை விடுபவர் மாவட்ட ஆட்சியர். புகழ் போனது நுங்கம்பாக்கத்துக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது. 2016 டிசம்பர் 12இல் வந்த வர்தா இன்னும் ஒருபடி மேலே போய், இலைகளோடு மரங்களையும் ஆயிரக்கணக்கில் உதிர்த்தது. இலையுதிர் காலம் என்று சென்னை உரிமை கோரக்கூடிய ஒரே நாள் அதுதான்.

விடுமுறை நாள் கைவேலை கத்திக் கப்பல். பள்ளியில் சொல்லித் தராமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்யத் தெரிந்த ஒரே பொருள். போர்டில் அது கிடைக்காது. செய்த சிறிது நேரத்தில் சாக்கடைக் கால்வாய் வழியாக அடையாறு நோக்கிப் போய்விடுகிறது.

7. இலைச் சான்று

இப்போது மேப்பிளுக்கு வருவோம். குளிர் நாடுகளில் பகல் சுருங்கச் சுருங்க மரம் பச்சையத்தைச் சிதைத்து மீட்டுக்கொள்கிறது. உள்ளே மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. லண்டனில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் எட்டு மணி நேரத்துக்கு மேல். சென்னையில் சுமார் ஒன்றரை மணி நேரம். அதை வைத்து மரம் எந்த முடிவுக்கும் வர முடியாது. இங்கே மரம் இலையை உதிர்ப்பது வறட்சிக்கு அஞ்சி. பாதாம் மரம் தை, மாசியில் இலை சிவந்து கொட்டும். அரசமரம் மாசி, பங்குனியில் மொட்டையாகித் தளிர் விடும்.

அதாவது பட்டினப்பாக்கத்தில் நிஜமாகவே சிவப்பு இலை காலடியில் கிடக்கும் மாதங்களில் ஆண்டுத் தேர்வு நெருங்கிவிடுகிறது. கைவேலை வகுப்பைக் கணக்கு மிஸ் வாங்கிக்கொள்கிறார். இலை இல்லாத மாதத்தில் இலை வெட்டுகிறார்கள். இலை கொட்டும் மாதத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிறார்கள். பருவங்களை விளக்கும் ஆயத்தச் சார்ட் கடையில் இருக்கிறது, பாதாம் இலை வாசலில் இருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் கண்டறியப்படவில்லை.

உள்ளூர்ப் பொருள்களை ஆராய்ந்தபோது எதிர்பாராத முடிவு ஒன்று கிடைத்தது. வெண்டைக்காயின் காம்புப் பக்கத்தை வெட்டிச் சாயத்தில் தோய்த்து அச்சு வைத்தால் ஐந்து இதழ்ப் பூ; சில ரகங்களில் ஏழு, எட்டு இதழ்கூட வரும். பூவரச இலையைச் சுருட்டினால் பீப்பி. அடியில் வண்ணம் தடவி அழுத்தினால் நரம்போடு இதய வடிவம். மழைமேகத்துக்குப் பஞ்சு. மால்வேசி என்று தாவரவியலார் சொல்லும் பருத்திக் குடும்பத்தில் இந்த மூன்றும் அடக்கம். டீச்சருக்குக் கொண்டுபோகும் செம்பருத்தியும் அதே வீட்டுப் பிள்ளை. பட்டினப்பாக்கத்து மழைக்காலக் கலை ஒரு குடும்பச் சொத்து என்பது இதனால் நிறுவப்படுகிறது.

8. படைப்பாளர் யார்?

இலக்கிய ஆய்வைப் போலவே இங்கும் ஆசிரியர் உரிமைச் சிக்கல் உண்டு. சார்ட்டின் அடியில் ‘இரண்டாம் வகுப்பு, ஆ பிரிவு’ என்று எழுதியிருக்கும். ஆனால் கத்தரி வெட்டில் நடுக்கம் இல்லை, ஜிகினா ஓரம் தாண்டவில்லை, ‘பருவமழை’க்கு வல்லின றகரம் வரவில்லை. இத்தகைய படைப்புகள் இரவு ஒன்பது மணிக்கு மேல் தோன்றுகின்றன.

“அம்மா, நாளைக்கு மிஸ் ப்ராஜெக்ட் கொண்டாரச் சொன்னாங்க.”

“எப்ப சொன்னாங்க?”

“போன திங்கக்கிழமை.”

இதைத் தொடர்ந்து அப்பா ஷட்டர் பாதி இறங்கிய கடைக்கு ஓடுகிறார். இது பெரும்பாலும் தனியார் பள்ளி அடுக்கு. மாநகராட்சி, அரசுப் பள்ளிகளில் 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபின் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, வகுப்புக்குள்ளேயே பொம்மை, பாட்டு, கைவேலை என்று நடத்துகிறார்கள். அங்கே மூக்கு கோணலான காந்தி கிடைத்தால் அது பிள்ளையின் சொந்தக் கைதான் என்று உறுதியாகச் சொல்லலாம்.

பொருள் சார்ந்த மாற்றத்தையும் குறிக்க வேண்டும். 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடையான 14 வகைப் பிளாஸ்டிக்கில் உறிஞ்சுகுழலும் பிளாஸ்டிக் கொடியும் இருந்ததால், உறிஞ்சுகுழல் பூச்சாடி என்ற கலைவடிவம் அழிவின் விளிம்புக்குப் போனது. தெர்மாகோல் தட்டும் கோப்பையும் தடையாயின. ப்ராஜெக்ட் தெர்மாகோல் அட்டை தப்பித்தது. அந்தப் பொருளுக்கு இடர்கள் புதிதல்ல. 2017 ஏப்ரலில் வைகை அணை நீர் ஆவியாகாமலிருக்க அமைச்சர் ஒருவர் முன்னிலையில் மிதக்கவிட்ட தெர்மாகோல் அட்டைகளைக் காற்று கரைக்கே தள்ளிவிட்டது. தமிழகத்தின் மிகப் பெரிய தெர்மாகோல் ப்ராஜெக்ட் அதுவே. மதிப்பெண் விவரம் போர்டில் இல்லை.

9. ரோஜா அடுக்கும் மேலாய்வும்

நவம்பர் 14 அடுக்கில் நேரு. அவர் பிறந்த நாள்தான் இந்தியாவில் குழந்தைகள் தினம். காந்தியைவிட வரைவது கடினம் என்பதால் தொப்பி, ரோஜா இரண்டோடு பிள்ளைகள் நிறுத்திக்கொள்கிறார்கள். மாறுவேடப் போட்டியில் மதியத்துக்குள் ரோஜா வாடிவிடுகிறது. சாயங்காலம் அதே சட்டை பாரதியாருக்குப் போகிறது.

பரிந்துரைகள் இரண்டு. முதலாவது, மேப்பிளை முற்றாக விலக்க வேண்டாம். சபின்டேசி குடும்பத்தில் அதற்கு இங்கே ஓர் உறவினர் உண்டு: முடக்கத்தான். காய் பலூன் போல உப்பியிருக்கும், அழுத்தினால் பட்டென்று வெடிக்கும். உள்ளே கறுப்பு விதையில் வெள்ளை இதயம் இயற்கையே வரைந்து வைத்திருக்கிறது. கத்தரி வேண்டாம், அம்மாவும் வேண்டாம். மிஞ்சிய இலையைத் தோசைமாவில் அரைத்துவிடலாம்.

இரண்டாவது, பஞ்சு. நவம்பர் மேகத்திலிருந்து அது எங்கே போகிறது என்பது ஆராயத்தக்கது. டிசம்பர் முதல் வாரத்தில் சாந்தோம் பக்கம் வீடுகளில் நட்சத்திரம் தொங்கத் தொடங்கும்போது போர்டிலிருந்து மேகங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. மூன்றாம் வகுப்பு கிறிஸ்துமஸ் தாத்தாவின் தாடியில் நீலச் சார்ட்டின் துணுக்குகளும் காய்ந்த பெவிகாலும் ஒட்டியிருந்தால், வழக்கு முடிந்தது.