சனிக்கிழமை ராத்திரிக்கு ராமோன்ஸ் சட்டை

கேள்வி: பெங்களூருவில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு வெளியே கிளம்பும்போது ராமோன்ஸ் முத்திரை போட்ட கறுப்பு டி-ஷர்ட்டை மாட்டிக்கொள்வது என் வழக்கம். 'வீட்டில் போடுவதைப் போட்டுக்கொண்டு பப்புக்கு வருகிறாயே' என்று ஒரு நண்பன் ஒவ்வொரு தடவையும் முகம் சுளிக்கிறான். இசைக்குழு டி-ஷர்ட்டோடு ராத்திரி வெளியே போவது முறையா? (வாசகர், பெங்களூரு)

பதில்: முறைதான், தாராளமாகப் போடுங்கள். உங்கள் நண்பர் வீட்டு உடுப்பு என்று நினைக்கும் சட்டை பிறந்ததே வீட்டுக்கு வெளியே, ராத்திரி நேரத்தில், கூட்டத்துக்கு நடுவில். நியூயார்க்கின் பௌரி தெருவில் ஹில்லி கிரிஸ்டல் 1973 டிசம்பரில் சிபிஜிபி என்ற விடுதியைத் திறந்தார். அடுத்த ஆகஸ்டில் ராமோன்ஸ் அங்கே முதல்முறையாக மேடையேறினார்கள். தோல் ஜாக்கெட், முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ், டி-ஷர்ட். மேடைக்கென்று அவர்கள் வைத்திருந்த உடுப்பே அவ்வளவுதான். அவர்களோடு சுற்றிய ஆர்டுரோ வேகா, மெக்சிகோவில் பிறந்த ஓவியர், அமெரிக்க ஜனாதிபதியின் முத்திரையை எடுத்துத் தன் இஷ்டத்துக்கு மாற்றினார். கழுகின் காலில் இருந்த அம்புகள் போய் பேஸ்பால் மட்டை வந்தது. ஆலிவ் கிளை ஆப்பிள் கிளையானது. சுற்றிலும் ஜானி, ஜோயி, டீ டீ, டாமி என்று நால்வரின் பெயர். மேடை விளக்குகளைப் பார்த்துக்கொண்ட அதே வேகாதான் கச்சேரி நடக்கும் இடத்தில் அந்த டி-ஷர்ட்டையும் விற்றார். விற்ற நேரம் ராத்திரி. வாங்கியவர் வெளியே வந்தவர். அப்படிப்பட்ட சட்டை பப்புக்குப் பொருந்தாது என்றால் வேறு எதுதான் பொருந்தும்?

இதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. என் கட்சி முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. ராமோன்ஸ் 22 வருடங்களில் 2,263 கச்சேரிகள் நடத்தினார்கள். 1976இல் வெளிவந்த அவர்களின் முதல் ஆல்பம் சுமார் 6,400 டாலர் செலவில் பதிவானது. அமெரிக்காவில் அது 5 லட்சம் பிரதி என்ற தங்கத்தட்டு எல்லையைத் தொட்டதாகச் சான்று பெற்றது 2014இல்தான், அதாவது 38 வருடம் கழித்து. முதல் நால்வரில் அப்போது உயிரோடிருந்தவர் டாமி ஒருவரே. அவரும் அந்த ஜூலையில் போய்விட்டார். பாட்டு விற்காத அத்தனை காலமும் குழுவின் வண்டி ஓடியதில் டி-ஷர்ட் காசுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் இசைத்தட்டைவிட டி-ஷர்ட்டை அதிகம் விற்றவர்கள் என்பது ராக் உலகத்தில் எல்லோரும் சொல்வது. ஆகவே இசைக்குழு டி-ஷர்ட்டை வெறும் அலங்காரமாகப் பார்க்காதீர்கள். அது பாடியவருக்குப் போய்ச் சேர்ந்த கூலியின் ரசீது. ரசீதை நாலு பேர் பார்க்க மாட்டிக்கொண்டு போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

'டி-ஷர்ட் என்பதே உள்ளாடைதானே' என்று உங்கள் நண்பர் அடுத்த வாதத்தை எடுப்பார். இருந்தது, ஒரு காலத்தில். அமெரிக்கக் கடற்படை 1913 வாக்கில் மாலுமிகளுக்குச் சீருடைக்கு உள்ளே போடக் கொடுத்த பனியன் அது. 1951இல் 'எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்' படத்தில் மார்லன் பிராண்டோ அதை மட்டும் போட்டுக்கொண்டு வந்து நின்றபோதே உள்ளே, வெளியே என்ற வேலி சாய்ந்துவிட்டது. நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதே இல்லை. திருப்பூரை இன்னமும் பனியன் ஊர் என்கிறோம். அந்த ஊர் உலகத்துக்கெல்லாம் டி-ஷர்ட் தைத்து அனுப்புகிறது, இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் அங்கிருந்துதான் போகிறது. உங்கள் நண்பர் ஒரே ஒரு விஷயத்தில் சரியாக இருக்கக்கூடும். கழுத்து தொய்ந்து, படுத்துப் புரண்டு எழுந்த சுருக்கத்தோடு நீங்கள் கிளம்புகிறீர்கள் என்றால் அவர் முகம் சுளிப்பது நியாயம். துவைத்து, தேய்த்து, உடம்புக்கு அளவாக இருப்பதைப் போடுங்கள். தேய்க்கும்போது சட்டையை உள்புறம் வெளியே திருப்பிக்கொள்ளுங்கள். சூடான பெட்டி நேராகப் பட்டால் அச்சு மை உருகி இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: என்னிடம் ஜாய் டிவிஷன் டி-ஷர்ட் இருக்கிறது, கறுப்பில் வெள்ளை அலை அலையாக. படம் பிடித்து வாங்கினேன், பாட்டு கேட்டதில்லை. எங்கே போட்டுக்கொண்டு போனாலும் எவனாவது ஒருவன் 'மூணு பாட்டு பேர் சொல்லு பார்க்கலாம்' என்று வந்துவிடுகிறான். நான் போடுவது தப்பா? (வாசகி, சென்னை)

பதில்: தப்பே இல்லை. தேர்வு வைக்கிறவர் முதலில் தன் பாடத்தைப் படித்திருக்கிறாரா என்று பார்ப்போம். அந்த அலைகளை ஜாய் டிவிஷன் வரையவில்லை. 1967இல் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஜோசலின் பெல், வானத்தின் ஒரே இடத்திலிருந்து ஏறத்தாழ 1.34 நொடிக்கு ஒருமுறை பிசகாமல் துடிக்கும் ரேடியோ சமிக்ஞையைக் கண்டுபிடித்தார். உலகம் அறிந்த முதல் பல்சர், அதாவது துடிக்கும் நட்சத்திரம், அது. (1974இல் அந்தக் கண்டுபிடிப்புக்காக நோபல் பரிசு அவருடைய வழிகாட்டிக்குப் போனது, அவருக்கு இல்லை. இன்று நினைத்தாலும் மனசு ஆறவில்லை.) போர்ட்டோ ரிக்கோவில் இருந்த அரசிபோ தொலைநோக்கி பதிவு செய்த அதே பல்சரின் துடிப்புகளை ஹரால்டு கிராஃப்ட் என்ற ஆய்வாளர் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, 1970இல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த தன் ஆய்வேட்டில் சேர்த்தார். அங்கிருந்து அது ஒரு வானியல் கலைக்களஞ்சியத்துக்குப் போய், அங்கிருந்து 1979இல் வடிவமைப்பாளர் பீட்டர் சாவில் கைக்கு வந்தது. அவர் வெள்ளையைக் கறுப்பாகவும் கறுப்பை வெள்ளையாகவும் திருப்பி 'அன்னோன் பிளஷர்ஸ்' ஆல்பத்தின் உறையாக்கினார். உறையின் முன்பக்கத்தில் ஆல்பத்தின் பெயர் கிடையாது, குழுவின் பெயரும் கிடையாது. அந்தக் குழுவே பெயரைச் சொல்லாமல் படத்தை மட்டும் நீட்டியது. படத்தைப் பார்த்துப் பிடித்துப்போய் எடுத்துக்கொண்டீர்கள். அவர்கள் எதிர்பார்த்ததும் அதைத்தானே? அடுத்த முறை மூன்று பாட்டு கேட்கிறவரிடம் ஒரு நட்சத்திரத்தின் பெயரைத் திருப்பிக் கேளுங்கள்.

'சின்னம் தெரிந்தால் போதுமா, கலை தெரிய வேண்டாமா' என்று இதற்குப் பதில் வரும். சின்னமும் கலைதான். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நீட்டிய நாக்கை 1970இல் வரைந்தவர் ஜான் பாஷ், லண்டன் ராயல் கலைக் கல்லூரி மாணவர். கூலி 50 பவுண்டு. குழுவின் பாடகர் மிக் ஜாகர் அவரிடம் காட்டியது ஒரு காளி படம். 2008இல் லண்டனின் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகம் அந்த மூல ஓவியத்தைச் சுமார் 51,000 பவுண்டு கொடுத்து வாங்கியது. நம் ஊர்க் காலண்டரில் பார்த்த நாக்கை அந்தச் சட்டையில் அடையாளம் கண்டு ரசிக்கிற ஒருவருக்கு, ஒரு பாட்டுகூடத் தெரியாவிட்டாலும், ரசனை இல்லை என்று எப்படிச் சொல்வது? அதோடு, இந்தத் தேர்வு யாருக்கு வைக்கப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். பெரும்பாலும் உங்களைப் போன்ற பெண்களுக்குத்தான். பாட்டின் மேலுள்ள பிரியத்தைவிட வாசலில் காவல் நிற்கும் ஆசையே அதில் அதிகம் தெரிகிறது. அவர்களுக்காக அல்லாமல் உங்களுக்காக அந்த ஆல்பத்தை ஒருநாள் கேட்டுப் பாருங்கள். முழுசும் கேட்க 40 நிமிடம்கூட ஆகாது, உங்களுக்குப் பிடிக்கும் என்றே நம்புகிறேன்.

கேள்வி: 2007 மார்ச்சில் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் வாசித்தபோது கோவையிலிருந்து ரயிலேறிப் போய் நின்றவன் நான். அந்த டி-ஷர்ட்டை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இப்போது மாலில் நுழைந்தால் பாட்டின் வாசனையே அறியாதவர்கள் அதே சட்டையில் திரிகிறார்கள். கோபம் வராதா? (வாசகர், கோவை)

பதில்: வரும். உங்கள் கோபத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் அது தவறான ஆள்மேல் பாய்கிறது. அந்த மார்ச் 17 ராத்திரி உங்களுக்குச் சொந்தம். வேறு யார் எந்தச் சட்டையைப் போட்டாலும் அது குறையாது. உங்களிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டார்கள் என்று தோன்றினால், எடுத்தவர் யார் என்று தேடுங்கள். மாலில் திரியும் பையனா, அவனுக்கு விற்ற கடையா? ராமோன்ஸ் வாசித்த சிபிஜிபி 2006 அக்டோபரில் மூடப்பட்டது. 2008இல் அதே இடத்தில் விலையுயர்ந்த ஆண்கள் துணிக்கடை திறந்தார்கள். 2017 ஜூனில் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பிரபலங்களான கெண்டல், கைலி ஜென்னர் சகோதரிகள் டோர்ஸ், பிங்க் ஃப்ளாய்டு, மெட்டாலிகா முதலிய பெயர்களின் மேல் தங்கள் முகத்தையும் முதலெழுத்துகளையும் அச்சடித்து, ஒரு டி-ஷர்ட் 125 டாலர் என்று விற்பனைக்கு வைத்தார்கள். அனுமதி வாங்கவில்லை என்று எதிர்ப்பு கிளம்பியதும் உடனே திரும்பப் பெற்று மன்னிப்புக் கேட்டார்கள். நிர்வாணா குழுவின் சிரிப்பு முகத்தைச் சற்றே மாற்றி விற்றதாக மார்க் ஜேக்கப்ஸ் ஆடை நிறுவனத்தின் மேல் 2018 டிசம்பரில் அந்தக் குழுவின் நிறுவனம் போட்ட வழக்கு 2024இல்தான் சமரசத்தில் முடிந்தது. உங்கள் கோபத்துக்கு உரியவை இவை. ஒருத்தர் ஆக்கிய சோற்றை இன்னொருத்தர் காசு வாங்கிப் பரிமாறினால், சாப்பிட உட்கார்ந்தவன்மேல் பழி போடுவது எப்படிச் சரியாகும்?

அதனால் சட்டைக்கு ஒரு சோதனை வேண்டும் என்று நீங்கள் கேட்டால், பாட்டுத் தேர்வைத் தள்ளிவைத்துவிட்டுக் காசு யாருக்குப் போனது என்று கேட்போம். இன்றைக்கு இது இன்னும் அவசரமான கேள்வி. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு ஒருமுறை ஓடினால் பாடியவர் தரப்புக்கு வருவது ஒரு சென்ட்டில் பாதிகூட இல்லை. 2024 முதல் ஓராண்டில் 1,000 தடவைக்குக் குறைவாக ஓடிய பாட்டுக்கு ஒன்றுமே கிடையாது. ஒரு சின்னக் குழுவிடம் கச்சேரி முடிந்ததும் மேசையில் வாங்கும் ஒரு டி-ஷர்ட், அவர்களின் பாட்டை ஆயிரக்கணக்கான முறை ஓட்டுவதற்குச் சமம். அந்தக் காசிலும் பங்கு கேட்கும் அரங்குகள் உண்டு. பிரிட்டனில் பாடகர்கள் சங்கம் 2022 ஜனவரியில், பங்கு கேட்காத அரங்குகளின் பட்டியலை வெளியிட்டு இதை எதிர்க்கத் தொடங்கியது. அடுத்த வருடம் கச்சேரிகள் நடத்தும் லைவ் நேஷன் நிறுவனம் அமெரிக்காவில் தன்னுடைய சிறிய கிளப்புகளில் பங்கு எடுப்பதை நிறுத்துவதாக அறிவித்தது. நடைபாதையில் 200 ரூபாய்க்கு வாங்கிய நகல் என்றால் பாடியவருக்கு ஒன்றும் போகவில்லை. அதைப் போடுகிற கல்லூரிப் பையனை நான் விரட்ட மாட்டேன். கையில் காசு வந்ததும் உண்மையான ஒன்றை வாங்கச் சொல்வேன். நீங்களும் அப்படிச் சொல்லலாம். பக்கத்தில் நின்று, அந்த ராத்திரி எப்படி இருந்தது என்றும் சொல்லுங்கள். கேட்க அவனுக்குக் கசக்காது.

கேள்வி: அப்படியானால் எந்த இசைக்குழு டி-ஷர்ட்டையும் எங்கே வேண்டுமானாலும் போடலாமா? (வாசகி, திருச்சி)

பதில்: இரண்டு இடத்தில் நிறுத்திக்கொள்வேன். காலர் வைத்த சட்டை வேண்டும் என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கும் இடத்துக்குப் போனால் காலரோடு போங்கள். பவுன்சர் வேலைக்கு நிற்பவர். ராக் வரலாற்றைச் சொல்லி அவரோடு வாதாடுவது அவருக்குச் செய்யும் அநியாயம். கல்யாண வரவேற்பும் அப்படியே, அது அழைத்தவர்களின் ராத்திரி. இரண்டாவது, சட்டை என்ன சொல்கிறது என்பது. பர்ஸம் என்ற நார்வே குழு முழுக்க வர்க் விகர்னெஸ் என்ற ஒரே ஆள். சக இசைக்கலைஞரைக் கொன்றதற்கும் தேவாலயங்களை எரித்ததற்கும் 1994இல் 21 வருடத் தண்டனை பெற்றவர். பாட்டு பிடித்திருந்தால் வீட்டில் கேட்பது உங்கள் பாடு. நெஞ்சில் அந்தப் பெயரை எழுதிக்கொண்டு கூட்டத்துக்குள் போனால், எதிரே உட்காருகிறவர் அதைப் படிக்க நேரும். காசு யாருக்குப் போகிறது என்று கேட்கும் நம் சோதனையிலும் அந்தச் சட்டை தேறாது.

கேள்வி: கச்சேரிக்குப் போகும்போது அதே குழுவின் டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு போகக் கூடாதாமே? (வாசகர், மதுரை)

பதில்: 1994இல் வந்த 'பிசியூ' என்ற அமெரிக்கக் கல்லூரிப் படம் பரப்பிய விதி அது. 2011இல் மெட்டாலிகா பெங்களூருவுக்கு வந்தபோது யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை, நீங்களும் விட்டுவிடுங்கள். போட்டுக்கொண்டே போங்கள். அங்கே புதிதாக ஒன்று வாங்கும் எண்ணம் இருந்தால் கச்சேரி தொடங்குமுன்பே வாங்கிவிடுங்கள், முடிந்தபின் உங்கள் அளவு கிடைப்பது கஷ்டம்.